பல் டாக்டரின் தண்டவாளம்

கடைவாய்ப் பல் ஒன்றில் சீழ் வைத்து, தாடை வீங்கிப்போன வாரத்தில்தான் ராஜபாளையத்துப் பல் டாக்டரிடம் போனேன். நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர்கள் இல்லாமல் இல்லை. அன்றைக்கு எங்கள் கேங்குக்கு ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வேலை. டூட்டி முடிந்ததும் முகத்தைக் கழுவி, ஆரஞ்சுச் சட்டையைப் பைக்குள் சுருட்டித் திணித்துக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் போர்டைப் பார்த்துப் படியேறிவிட்டேன்.

நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, வாய்க்குள் இரண்டு கம்பிகளை விட்ட பிறகுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். நோயாளி பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துக் கேள்வி கேட்கப் பல் டாக்டர்களுக்குத் தனிப் பாடமே இருக்கும் போல.

“என்ன வேல பாக்குறீங்கக்கா?”

“அயில்வே” என்றேன்.

“ஆபீஸ்லயா?”

“இல்ல. டாக்கு.”

அவர் கையில் இருந்த கருவி அப்படியே நின்றது. “டிராக்கா? தண்டவாள வேலையா? கேங்லயா?”

தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு என் பல் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. “ஒரு சிலீப்பர் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் எம்புட்டுத் தூரம்க்கா இருக்கும்?” என்றார். வாயைத் திறந்தபடியே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். மனிதர் மேசை டிராயரில் இருந்து டேப்பை எடுத்து, என் கைகளுக்கு நடுவில் பிடித்து அளந்தார். எச்சில் ஒழுக, யாரையோ ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நான் மல்லாந்து கிடந்தேன். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள்.

“அறுபது சென்டிமீட்டர். கரெக்டா காட்டுறீங்களே!” என்றார் டாக்டர்.

காட்டாமல் என்ன செய்வது? பதினொரு வருடமாக, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் அந்தக் கட்டைகளின் மேல்தான் நடக்கிறேன். என் பிறந்த ஊர் கூமாப்பட்டி. அந்தப் பக்கம் ரயில் கிடையாது. தபால் வழியில் தமிழ் பி.ஏ. படித்தேன். தண்டவாள வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், மத்தியானம் ஆளே இல்லை. கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். பட்டம் வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ரயில்வே ஆபீஸில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், “படிச்சிருந்தா நல்லதும்மா, போர்டு எல்லாம் வாசிப்பீங்க” என்றார். மறுவாரம் கையில் கடப்பாரை.

இரண்டாவது தடவை போனபோது டாக்டர் வேலையை முடித்துவிட்டு, “ஞாயித்துக்கிழம செத்த வாரீங்களாக்கா? மாடியில ஒரு லேஅவுட் போடுறேன். நீங்க பாத்துச் சொல்லணும்” என்றார்.

எனக்குத் தெரிந்த லேஅவுட் ஒன்றே ஒன்றுதான். வயலில் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, பிளாட் போட்டு விற்பார்களே, அது. ரயில்வே இடத்தை ஒட்டி எங்கேயோ நிலம் வாங்கிவிட்டு, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். பல்லைப் பார்த்துக்கொடுத்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஞாயிறு காலை பஸ் ஏறிப் போனேன்.

மாடி அறை முழுக்க ஒரு மேசை. பிளைவுட் பலகையை ஒட்டி ஒட்டி, ஒரு கல்யாணப் பந்திக்கு இலை போடலாம் போல நீளமாகச் செய்திருந்தார். ஒரு ஓரத்தில் மலை. பல் அச்செடுக்கும் மாவைக் குழைத்துச் செய்தது என்று பெருமையாகச் சொன்னார். பார்த்தாலே தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை என்று அவர் காட்டியது எனக்கு ஆறு கடைவாய்ப் பற்கள் வரிசையாக நிற்பது போலத்தான் இருந்தது. மலைக்குக் கீழே ராஜபாளையம் ஸ்டேஷன், மறுகோடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன், நடுவில் தென்னந்தோப்பு, ஒரு ரயில்வே கேட். ஒரு சாண் நீளத்தில் நீல எஞ்சின், பின்னால் ஆறு பெட்டிகள். பொம்மை ரயிலுக்கான ஊர்தான் அவர் சொன்ன லேஅவுட். எல்லாம் இருந்தது. தண்டவாளம் மட்டும் இல்லை. எஞ்சின் ஒரு மஞ்சள் துணியின் மேல் படுத்திருந்தது.

“தண்டவாளம் எங்க டாக்டர்?”

“அதான்க்கா ரெண்டு வருசமா முடிவு பண்ண முடியல.”

ரெண்டு வருசம்! இந்த ரெண்டு வருடத்தில் நாங்கள் எத்தனை தண்டவாளம் மாற்றினோம், எத்தனை கட்டை மாற்றினோம். மழையில் மாற்றியிருக்கிறோம். சித்திரை வெயிலில், இரும்பைத் தொட்டால் தோல் உரியும் நேரத்தில் மாற்றியிருக்கிறோம். இந்த மனிதர் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு விரல் அகலத் தண்டவாளத்தை முடிவு பண்ண முடியவில்லை என்கிறார்.

அங்கே அவருடைய சிநேகிதர் ஒருவரும் இருந்தார். அமெரிக்காவில் பத்து வருடம் இருந்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி, வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். இருவருக்கும் பொம்மை ரயில்தான் பழக்கம் ஏற்படுத்திக் கொடுத்ததாம். சிநேகிதர் பேசுவது எல்லாம் என்னைப் பற்றித்தான், ஆனால் டாக்டரிடம். “இவங்க நிஜமாவே டிராக்ல வேலை பாக்குறாங்களா? வாவ்” என்றார். பூனை பேசினால் அப்படித்தான் பார்ப்பார்கள்.

டாக்டர் நீளநீளமான ஐந்து துண்டுகளை எடுத்து என் முன்னால் பரப்பினார். ஐந்தும் வெளிநாட்டில் இருந்து வந்தவை. நிஜத் தண்டவாளம் போல இருப்பது எது என்று நான் சொல்ல வேண்டுமாம். பல்லைப் பெரிதாக்கிப் பார்க்க நெற்றியில் மாட்டிக்கொள்வாரே, அந்தக் கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டார்.

முதல் துண்டை எடுத்த எடுப்பிலேயே கீழே வைத்தேன். தண்டவாளம் அவ்வளவு உயரம். “இது என்ன, ரெண்டு சுவரு மாதிரி நிக்குது?” என்றேன். தண்டவாளத்தின் உயரத்துக்கு ஏற்ப நூறு, எண்பத்துமூன்று, எழுபத்தைந்து என்று நம்பர் உண்டு, இது நூறு, அதாவது இரண்டரை மில்லிமீட்டர் உயரம் என்றார் டாக்டர். எண்பத்தேழு மடங்கு பெருக்கினால் நிஜ அளவு வரும் என்றதும் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர் வந்தது. எங்கள் தண்டவாளம் பதினேழு. அப்படி ஒரு தண்டவாளம் இந்த உலகத்தில் யாரும் வார்த்ததில்லை. எழுபத்தைந்தாம் நம்பர்தான் கிட்டத்தட்ட ஒத்துவந்தது. மூன்று துண்டுகளை ஓரம்கட்டினேன். மிச்சம் இரண்டு.

அதில் ஒன்று மரக்கட்டை போட்டது. சிநேகிதருக்கு அதன் மேல்தான் உயிர். “இதப் பாருங்க, ஒவ்வொரு கட்டையிலயும் மர ரேகை தெரியுது. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. திஸ் இஸ் ஆர்ட்” என்றார்.

“நம்ம லைன்ல மரக்கட்ட எங்க சார் இருக்கு? எல்லாம் கான்கிரீட்.”

“இருந்தாலும் ரியலா இருக்குல்ல?”

எங்கே ரியல்? இங்கிலாந்தில் ரியலாக இருக்கலாம். இல்லாத கட்டையில் இருக்கிற ரேகையைப் பார்த்து ஒரு ஆள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்று கான்கிரீட் கட்டை. நடுவில் குறுகி, இரண்டு ஓரமும் தடித்து, சாயலில் எங்கள் கட்டைதான். பிடிமானக் கிளிப்புகூடக் கடுகளவில் இருந்தது. ஆனால் கட்டைகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தார்கள். அறுபது சென்டிமீட்டரைச் சுருக்கினால் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி வர வேண்டும். இதில் ஆறுகூட இல்லை. அதைச் சொல்லிக்கொண்டே துண்டைத் திருப்பியபோதுதான் வேறொன்று என் கண்ணை உறுத்தியது. டாக்டரிடம் ஸ்கேலை வாங்கி இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் வைத்தேன். பதினாறரை மில்லிமீட்டர். மறுபடி கணக்குப் போட்டேன். நம் அகலப் பாதைக்குப் பத்தொன்பதேகால் வர வேண்டும்.

“டாக்டர், இது அகலமே தப்பு. நம்ம லைனு இல்ல இது.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ சபையில் சொல்லக்கூடாத வார்த்தையை நான் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு டாக்டர் மெதுவாகச் சொன்னார்: “அது எல்லாருக்கும் தெரியும்க்கா. எஞ்சின், பெட்டி எல்லாமே அந்த அகலத்துக்குத்தான் வருது. அத மட்டும் கண்டுக்கிடக் கூடாது.”

நிஜ அளவில் அது ஒரு சாண் வித்தியாசம். எங்கள் வேலையில் சில மில்லிமீட்டர் விலகினாலே மேஸ்திரி ஊரைக் கூட்டுவார். இவர்கள் ஒரு சாணை மொத்தமாக முழுங்கிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து மர ரேகையை ஆராய்ச்சி பண்ணுகிறார்கள். இரண்டு வருடமாக.

ஜல்லியும் அப்படித்தான். சின்னச் சின்னப் பாக்கெட்டில் வெளிநாட்டு ஜல்லி வாங்கி வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்த வெள்ளைச் சாம்பல் நிறம். நம் ஜல்லி அப்படியா இருக்கும்? பிரேக் கட்டை தேய்ந்து தேய்ந்து துருப் பொடி படிந்து செம்பழுப்பாக இருக்கும். ஸ்டேஷனில் எஞ்சின் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறுப்பு. கேட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், பான்பராக் கவர். ஊரை ஒட்டின இடங்களில் காலையில் ஆட்கள் ஒதுங்கிவிட்டுப் போவதையும் மிதித்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். எல்லாவற்றையும் சொன்னேன்.

சிநேகிதர் முகத்தைச் சுளித்தார். “சே, அதெல்லாம் வேண்டாம். அசிங்கமா இருக்கும். நாம ரியலிஸ்டிக்கா பண்ணுவோம்.”

கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். இருவரும் நிஜப் பாதையை நேரில் பார்த்தால்தான் முடிவெடுக்க முடியும் என்று டாக்டர் போன் பண்ணினார். பாதைக்குள் வெளியாட்கள் வரக்கூடாது, ரெண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கேட் இருக்கிறது, கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று ஆசை தீரப் பாருங்கள் என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன். புதன்கிழமை மத்தியானம் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். டாக்டர் ரோட்டிலேயே குடை பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் நூறு அடி தள்ளி ஜல்லி இழுத்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது சிநேகிதர் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, எதையோ அளந்துகொண்டிருந்தார். காதில் பாட்டுக் கேட்கிற குமிழ் வேறு.

எங்கள் ஆள் ஒருவர் கொடியோடு காவல் நிற்பார். அவர் விசில் அடித்தார். நாங்கள் எல்லோரும் கருவிகளை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிட்டோம். மதுரையில் இருந்து வருகிற பாசஞ்சரின் முகம் நேர்ப் பாதையில் தெரிய ஆரம்பித்துவிட்டது. சிநேகிதர் அசையவில்லை.

நான்தான் பக்கத்தில். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினேன். “ஏலே! எந்திரிலே! வண்டி வருதுலே!” என்று கத்திக்கொண்டே சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுவை. ஆள் ஜல்லிச் சரிவில் உருண்டார். கையில் இருந்த அளவுகோல் தண்டவாளத்துக்கு நடுவில் விழுந்துவிட்டது. அதை எடுக்க மறுபடி எழுந்தார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கை ஓங்கியது. வண்டி கடந்து போகும்வரை நான் அவர் காலரை விடவில்லை.

மேஸ்திரி வந்தார். நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற, முப்பது வருடம் இந்தப் பாதையைப் பார்த்தவர். “யாருய்யா நீரு? என்னத்த அளக்க வந்தீரு?” என்றார்.

“மாடல் ரயில்வேக்கு...”

“என்னது?”

“பொம்ம ரயிலு அண்ணாச்சி” என்றேன் நான்.

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையை எழுத என் பி.ஏ. போதாது. அந்த நேரம் பார்த்து எங்கள் அதிகாரி பைக்கில் வந்து சேர்ந்தார். யார் இவர், எப்படி உள்ளே வந்தார் என்று கேட்டார். சிநேகிதர் சட்டையைத் தட்டிக்கொண்டே, “இவங்கதான் சார் வரச் சொன்னாங்க” என்று என்னைக் கை காட்டினார். உயிரைக் காப்பாற்றி அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு மெமோ வந்தது. வர வேண்டியதுதான், அதில் அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கக் கடிதம் எழுதினேன். தமிழ் படித்தவள் எழுதின கடிதம் ஆயிற்றே, மூன்று பக்கம். அதைப் படித்துவிட்டு அதிகாரி, “கத நல்லாருக்கும்மா. இனிமே இப்படி நடக்காதுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும்” என்று திருப்பிக் கொடுத்தார்.

டாக்டருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டு என் வீட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பினார். பிரித்துப் பார்த்தால் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கு ராஜபாளையத்தில் இருந்து பால்கோவா! போனிலும் வருத்தம் தெரிவித்தார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, “அவனுக்கும் மனசு சரியில்லக்கா. நீங்க ‘லே’ போட்டுப் பேசிட்டீங்களாம். அத்தன பேரு முன்னாடி” என்றார்.

“டாக்டர், ‘எழுந்தருளுங்க சார்’னு நான் சொல்லி முடிக்கதுக்குள்ள வண்டி ஏறியிருக்கும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த மாதம் பல்லுக்கு மூடி போடப் போனேன். நான் கேட்காமலே டாக்டர் சொன்னார்: அவர்களுடைய இணையக் குழுவில் ஓட்டு எடுத்தார்களாம். ஊர் ஊராக இருந்து நாற்பது பேர் வாக்களித்து, மரக்கட்டைத் தண்டவாளம் ஜெயித்துவிட்டதாம். நம் பாதையில் கான்கிரீட் கட்டை கிடப்பதை இனி ஓட்டுப் போட்டு மாற்றிவிடுவார்கள் போலிருக்கிறது. “உங்க இஷ்டம்” என்றேன்.

“ஆனா எனக்கு மனசு ஒப்பல. கான்கிரீட் கட்டயத்தான் வாங்கி, பாதி போட்டுட்டேன். அவன்கிட்ட இன்னும் சொல்லல. செத்த மேல வந்து பாத்துட்டுப் போறீங்களா?”

பார்க்காமல் போயிருக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். என் தப்பு அதுதான்.

மேசையின் ஒரு பக்கம் முழுக்கத் தண்டவாளம் ஒட்டியிருந்தார். மேஸ்திரி செய்கிற மாதிரி தலையைச் சாய்த்து, தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நேர்ப் பாதை பரவாயில்லை. வளைவில் ஒவ்வொரு இணைப்பிலும் முழங்கை மடங்கின மாதிரி ஒரு முறிவு. கட்டைகள் கடையில் வந்தபடியே நெருக்கியடித்துக் கிடந்தன. தண்டவாளத்தின் பக்கவாட்டெல்லாம் வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது.

“இதுல வண்டி ஓடுதா?”

“வளைவுல விழுந்துருது” என்றார் குற்றவாளி மாதிரி.

“விழாம என்ன செய்யும்? துண்டு துண்டா வளச்சுட்டுப் பொறவு சேத்தா முறியத்தான் செய்யும். மொதல்ல நேரா வச்சு ஈயம் பத்தவச்சு ஒண்ணாக்குங்க. ஒண்ணானதுக்குப் பொறவு வளைங்க.”

எங்கள் வேலையில் இதைத்தான் வெல்டிங் என்போம். அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டிருந்தால் எப்போது வேலை நடக்கும்? “பிச்சு எடுங்க அந்தப் பக்கத்த” என்றேன். வளைவு முழுவதையும் பிய்த்தோம். கீழே நோயாளிகள் காத்திருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். அரை மணி நேரம் ஆகும் என்று சொல்லச் சொன்னார் டாக்டர்.

கட்டைகள் அடிப்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் இழையால் கோத்துக் கிடந்தன. பல் சுரண்டுகிற கத்தியால் அந்த இழையை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டால் கட்டையைத் தனித்தனியாக நகர்த்தலாம் என்று கண்டுபிடித்தது நான்தான். ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு அட்டையை நறுக்கி, அதை இடையில் வைத்துக் கட்டை கட்டையாகத் தள்ளினேன். நிஜத்தில் நாலு பேர் சேர்ந்து தூக்கினாலும் இடுப்பு விட்டுப்போகிற கட்டை. இங்கே ஒரு அரிசியைத் தள்ளுகிற மாதிரி நுனிவிரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்க்கக் கேவலமாக இருந்தது. ஒரு வாரம் லீவு கேட்டால் கிடைக்காத உடம்பு. கிடைத்த ஒரு அரை நாளிலும் தண்டவாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எழுந்து வர முடியவில்லை. எட்டாவது கட்டை கொஞ்சம் கோணி நின்றது. அதைச் சரி பண்ணாமல் எப்படி எழுந்திருப்பது?

வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு அடியில் காகிதம் மடித்துக் கொடுத்து, திரும்பும்போது வண்டி வெளியே சாயாமல் இருக்க வளைவில் கொஞ்சம் உயர்த்தினேன். பக்கவாட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று டாக்டர் கேட்டார். பழைய புளி எப்படி இருக்கும், அந்த நிறம் என்றேன். கீழே ஓடிப்போய் அடுக்களையில் இருந்து நிஜமாகவே புளி உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், பெயின்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. பல் மூடியைப் பற்றி இருவருக்குமே நினைவில்லை. அதற்கு நான் இன்னொரு நாள் போக வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு நாலைந்து ஞாயிறு போனேன். எதற்குப் போனாய் என்று கேட்டால் நல்ல பதில் இல்லை. தண்டவாளத்தின் அகலம் கடைசிவரை தப்பாகத்தான் இருந்தது. அதை மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்க நானும் பழகிவிட்டேன். அந்தச் சபையில் என்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

பொங்கல் லீவில் திறப்பு விழா. மரக்கட்டை போனதில் முறுக்கிக்கொண்டிருந்த சிநேகிதர் ஒருவழியாகச் சமாதானமாகி, அதை வீடியோ எடுத்து இணையத்தில் போடப்போகிறார். முந்தின நாள் அவரே எனக்கு போன் பண்ணினார். காலரைப் பிடித்து இழுத்ததற்குப் பிறகு முதல் தடவையாகப் பேசுகிறார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“மேடம், நாளைக்கு அந்த ஆரஞ்சு சட்டை போட்டுட்டு வந்துருங்க. தலையில ஹெல்மெட்டும் இருந்தா வச்சுக்கங்க. லேஅவுட் பக்கத்துல நீங்க அப்படி நின்னா ஃபிரேம் ரியலா இருக்கும்.”

“நான் பட்டுச்சேல கட்டிட்டு வாரேன்” என்றேன்.

“அது செட் ஆகாதே மேடம்.”

“அப்பம் நான் வரல.”

போகவில்லை. டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணினார், எடுக்கவில்லை. அன்றைக்கு வாங்கியிருந்த லீவையும் வேண்டாமென்று டூட்டிக்குப் போய்விட்டேன். விசேஷ நாளில் விசேஷ ரயில் விடுவார்கள், எங்களுக்கு இரட்டை வேலை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வீடியோவை என் செல்லுக்கு அனுப்பினார். பாதையோரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போனைத் தூக்குச்சட்டியில் சாய்த்து வைத்தேன். கேங்கே சுற்றிக் குனிந்தது. முதலில் மலை வந்தது. பிறகு சிநேகிதர் வந்தார். மடிப்புக் கலையாத புத்தம்புது ஆரஞ்சுச் சட்டை. தலையில் மஞ்சள் ஹெல்மெட். கையில் ஒரு சின்னச் சுத்தியல், தேங்காய் உடைக்கக்கூட ஆகாது. “இந்தத் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுக்க நாங்கள் களத்தில் இறங்கி, உயிரைப் பணயம் வைத்து ஆய்வு செய்தோம்” என்றார்.

மேஸ்திரி வாயில் வைத்த சோற்றை முழுங்காமல் பார்த்தார். “ஏய், இவன் எந்த கேங்கு?”

மரத்தடியே அதிர்ந்தது. ஒருத்தர் புரை ஏறி இருமினார். ‘ரயில்வே துறையினரின் ஆலோசனையோடு’ என்று ஓரிடத்தில் ஒரு வரி ஓடியது. ஆலோசனை சொன்னது ஆணா பெண்ணா, அவளுக்கு வாய் இருந்ததா, ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அதற்குள் எஞ்சின் கிளம்பிவிட்டது.

நேர்ப் பாதையில் வந்து, கேட்டைத் தாண்டி, வளைவில் ஏறியது. ஆறு பெட்டியும் லேசாக உள்பக்கம் சாய்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக, துளி உதறல் இல்லாமல் திரும்பின. கட்டைகள் ஏழு ஏழு மில்லிமீட்டரில் சீராக ஓடின. தண்டவாளத்தின் பக்கம் பழைய புளி நிறத்தில் இருந்தது. சிநேகிதரின் பேச்சைக் கேட்காமல் அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓடவிட்டேன். எங்கள் ஆட்கள் ரயிலைப் பார்க்கவில்லை. எல்லோரும் பாதையைத்தான் பார்த்தார்கள்.

“கட்ட சரியாத்தான் கெடக்கு” என்றார் ஒருத்தர்.

“இத நீயா போட்ட?” என்று கேட்டார் மேஸ்திரி.

“ஆமா அண்ணாச்சி.”

அவர் என் போனை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “எல்லாம் சரி. வளைவுல ரெண்டாவது ஜாயின்ட் எறங்கிருக்கு.”

“எறங்கல அண்ணாச்சி. படம் எடுத்த பக்கம் அப்படி.”

“எறங்கிருக்கும்மா. நான் எத்தன பாத்திருக்கேன்.”

“அடியில காகிதம் வச்சு மட்டம் பாத்து நானே ஒட்டுனது. எறங்கல.”

“காகிதமா? அதான் எறங்கிருக்கு” என்றார் அவர், போனைத் திருப்பிக் கொடுக்காமல். காவல் நிற்கிறவர் விசில் அடித்து, மத்தியான பாசஞ்சர் வந்து எங்களைத் தாண்டிப் போய், மறுபடி கடப்பாரையைக் கையில் எடுத்த பிறகும் நாங்கள் இருவரும் அந்த ஜாயின்ட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.